ஊர் பார்க்காத பக்கம்

மேஸ்திரிக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று குப்பை. இன்னொன்று, குப்பையைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போகிற மனிதர்கள். நகராட்சியின் துப்புரவு வேலை முழுக்க அவர் மேற்பார்வையில் நடந்தது. அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், கடைக்காரர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள்.

வீட்டில் அந்த ஜம்பம் செல்லாது. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துச் சுவர் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடந்தது. அதைத் தேய்த்துத் தரச் சொல்லி அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள். ஓய்ந்தது குரல்தான், வாய் ஓயவில்லை.

"ஊரையே கழுவி விடுற மனுஷனுக்கு நம்ம சுவரு மட்டும் கண்ணுல படாது."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"எந்த வருஷத்து ஞாயிறுன்னு சொன்னீங்கன்னா காலண்டர்ல குறிச்சு வச்சுப்பேன்."

இவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆறுகளில் எப்போதோ வந்துபோன பழைய வெள்ளங்களைப் பற்றி ஆராய்கிறாள் என்பது மட்டும் மேஸ்திரிக்குத் தெரியும். போன விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து விலாவாரியாகத்தான் சொன்னாள். அவரும் மகள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மனசு மட்டும் மார்க்கெட் பக்கம் அடைத்துக்கொண்ட சாக்கடையில் இருந்தது.

அந்த மகள் ஒரு சனிக்கிழமை போன் செய்தாள். குரலில் சந்தோஷம் பொங்கியது.

"அப்பா, புதன்கிழமை எங்க பேராசிரியை நம்ம ஊருக்கு வர்றாங்க. ஏதாவது ஒரு மாவட்டத்தை எடுத்து, வருஷக்கணக்கா அங்கேயே வேலை செய்யப் போறாங்க. ஒண்ணு நம்ம மாவட்டம், இல்லேன்னா பக்கத்து மாவட்டம். நம்மளதுதான் சரின்னு நான் சண்டை போட்டு வச்சிருக்கேன். இங்க அமைஞ்சா வேலை என்னோடது. நான் வீட்டுல இருந்துகிட்டே செய்யலாம். அங்கன்னா இன்னொரு பொண்ணுக்குப் போயிடும். நான் வேற தலைப்பு எடுத்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"அவங்க என்னத்தைப் பாக்கணும்?"

"நம்ம பழைய பாலத்தைத்தான். எல்லாமே அந்தப் பாலத்துலதான் இருக்கு."

"நீ கவலைப்படாதேம்மா. பாலத்தை நான் பாத்துக்கறேன்."

வினை அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

பழைய பாலம் என்பது ஆற்றின் குறுக்கே நிற்கிற கருங்கல் பாலம். லாரியும் பஸ்ஸும் பக்கத்திலேயே கட்டிய புதிய கான்கிரீட் பாலத்தில் போகும். பழையதில் சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் மட்டும். கட்டிய வருஷத்தை வளைவின் உச்சிக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். மற்ற கல்லெல்லாம் சாம்பல், மஞ்சள், கறுப்பு என்று வட்டம் வட்டமாகக் கறை. தேமல் பிடித்த முதுகு மாதிரி இருக்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் மேஸ்திரிக்கு உடம்பு கூசும். ஆனால் ஆள் பற்றாக்குறை, தண்ணீர் பற்றாக்குறை. எதைத் தொட்டாலும் அதற்குமுன் அவசரமாக வேறொன்று வந்து நிற்கும். யாரும் அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை.

மகளுடைய பேராசிரியை வந்து பார்க்கிற பாலம் அப்படியா இருப்பது?

திங்களும் செவ்வாயும் மற்ற வேலையெல்லாம் நிறுத்தப்பட்டது. தண்ணீர் லாரி வந்தது. கம்பி பிரஷ் வந்தது. தெரு பெருக்குகிற கூட்டம் மொத்தமும் பாலத்தில் ஏறியது. அதில் இரண்டு பேர் முக்கியம். ஒருத்தி மைக்செட். ரகசியம் பேசினாலும் எதிர்க்கரையில் கேட்கும். இன்னொருவன் அப்புறம். அது அவன் பெயர் இல்லை. எந்த வேலையைச் சொன்னாலும் அவன் வாயில் வருகிற முதல் வார்த்தை.

"சார், கல்லுன்னா இப்படித்தான் இருக்கும். இதைப் போயி குளிப்பாட்டச் சொல்றீங்களே," என்றாள் மைக்செட்.

"யாரு வர்றாங்க தெரியுமா? பேராசிரியை. ரெண்டு பக்கமும், மேலயும் கீழயும், ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது."

"புதுப் பாலத்துல இருந்து தெரியற ரோட்டுப் பக்கம் சரி சார். அந்தாண்டப் பக்கத்தை எவன் பாக்கப் போறான்?" என்றான் அப்புறம். "முள்ளுப் புதரு வேற. அதை அப்புறம்..."

"அப்புறமும் இல்ல, இப்புறமும் இல்ல. ரெண்டு பக்கமும்."

சொல்லிவிட்டு அவர் ஆணையரின் கூட்டத்துக்குப் போய்விட்டார். செவ்வாய் மாலை திரும்பி வந்து பார்த்தபோது கண்ணே கூசியது. வெயிலில் கல் ஒவ்வொன்றும் நேற்று வெட்டி எடுத்ததுபோல் மினுமினுத்தது.

"அந்தப் பக்கம்?"

"முடிஞ்சது சார்," என்றான் அப்புறம்.

மேஸ்திரி அங்கேயே நின்று ஆணையரைப் போனில் கூப்பிட்டார். "பாலம் முழுசும் முடிஞ்சது சார். ரெண்டு பக்கமும்." ஆணையர் பாராட்டினார். அன்று இரவு மேஸ்திரி சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன் காலை மகள் வந்தாள். பேராசிரியை மதியத்துக்குமேல் காரில் வருவதாக ஏற்பாடு. மகள் வந்த பஸ் புதிய பாலத்தின் வழியாக வந்தது. அங்கிருந்து பார்த்தால் பழைய பாலத்தின் ரோட்டுப் பக்கம் முழுசாகத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்தவள் பையைக் கீழே வைக்கவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.

"அப்பா, பாலத்துக்கு என்ன ஆச்சு?"

மேஸ்திரி பனியனை இழுத்து விட்டுக்கொண்டார். "எப்படி இருக்கு? சொல்லு."

மகள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அதையும் தொடவில்லை.

"அந்தக் கறைதான்ப்பா என் ஆராய்ச்சி," என்றாள் கடைசியில்.

"எந்தக் கறை?"

"வட்டம் வட்டமா இருந்துச்சே. அது கறை இல்ல. உயிரு. லைக்கன்னு பேரு. கல்லுமேல ஒட்டிக்கிட்டு வளரும். வருஷத்துக்கு ஒரு நூல் கனம்கூட வளராது. பாலம் கட்டின வருஷம் கல்லுலயே இருக்கு. மேல இருக்கற பெரிய வட்டத்தை அளந்தா, அது என்ன வேகத்துல வளருதுன்னு தெரியும். கீழ ஒரு கோடு மாதிரி இருக்கும், அதுக்குக் கீழ எல்லாமே சின்ன வட்டம்தான். ஏன்னா ஒரு பெரிய வெள்ளம் அந்த உயரம் வரைக்கும் வந்து, பழசையெல்லாம் சுரண்டிட்டுப் போயிருக்கு. அதுக்கப்புறம் முளைச்சதுதான் சின்ன வட்டம். அதை அளந்தா வெள்ளம் வந்த வருஷம் கிடைச்சிடும். இந்த ஊரு முன்னாடி ஆத்தோரம் இருந்துச்சு. ஏன் மேட்டுக்கு வந்துச்சுன்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. அந்தக் கல்லுல மட்டும்தான் இருந்துச்சு."

மகளுக்குக் கொண்டுவந்த தண்ணீரை மேஸ்திரி எடுத்துக் குடித்தார்.

"அதைத்தான் உங்கப்பா..." என்று தொடங்கிய மனைவி, கணவரின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை அப்படியே விட்டாள். அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு மேஸ்திரி பார்த்ததில்லை. அதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

"பக்கத்து மாவட்டத்துப் பாலத்துக்கு என்ன?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"அதுக்குப் பாதி பெயின்ட் அடிச்சுட்டாங்க. அதனாலதான் நம்மளது வேணும்னு கேட்டேன். எங்க மாவட்டத்தோட விசேஷமே, அங்க யாரும் எதையும் தொட மாட்டாங்க, சுத்தம் பண்ணவே மாட்டாங்கன்னு மேடத்துக்கிட்ட அடிச்சுச் சொல்லியிருந்தேன்."

வேறு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு மேஸ்திரி வீட்டை இரண்டாக்கியிருப்பார். இன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமுமாப்பா?"

"ரெண்டு பக்கமும். ஆணையர்கிட்டயே சொல்லிட்டேன்."

"சொன்னீங்க சரி," என்றாள் மனைவி. "பாத்தீங்களா?"

மேஸ்திரி நிமிர்ந்தார். அவர் பார்த்தது ரோட்டுப் பக்கம். அந்தப் பக்கம் முடிந்தது என்று சொன்னவன் அப்புறம். அதையும் கொஞ்சம் வேகமாகச் சொன்னான். அவன் எதையும் வேகமாகச் சொல்கிறவன் இல்லை. செய்கிறவனும் இல்லை.

இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக, தன் ஆட்கள் தன்னை ஏமாற்றியிருக்க வேண்டுமே என்று மேஸ்திரியின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

நகராட்சி ஷெட்டில் வண்டிகளுக்கு நடுவே எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி நேராக அப்புறத்தின் முன்னால் போய் நின்றார். இருக்கிற கனிவையெல்லாம் குரலில் கூட்டினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அந்தப் பக்கம் நீ தேய்க்கலதானே?"

அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தான். மேஸ்திரி அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. இது ஏதோ பெரிய இடத்துப் புகார் என்று அவனுக்குப் பட்டது.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? கை காப்புக் காச்சுப் போச்சு. பாருங்க."

"நான் திட்ட மாட்டேன். தேய்க்கலன்னு சொல்லு."

"தேய்ச்சேன் சார்! கல்லு அழுதுச்சு, அப்படித் தேய்ச்சேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு ஓரமாவது விட்டிருப்ப."

"ஒரு புள்ளி இல்ல சார். நீங்கதானே ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாதுன்னீங்க?"

மேஸ்திரிக்கு அழுகை வரும்போல் இருந்தது. மைக்செட்டின் பக்கம் திரும்பினார். "அக்கா, நீயாவது சொல்லு. இவன் வேலை செய்யற ஆளா?"

இதுநாள்வரை அப்புறத்தைப் பற்றி மைக்செட் சொல்லாத குறை இல்லை. ஆனால் வெளியாள் முன்னால், அதுவும் படித்த பெண் முன்னால், கூட வேலை செய்கிறவனைக் காட்டிக்கொடுப்பதா?

"இவன் மாதிரி வேலைக்காரன் எங்க சார் கிடைப்பான்? அந்தப் பக்கம் பூராவும் இவனும் நானும்தான். முகம் பாக்கலாம், அப்படிப் பளபளப்பு!" ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார், அதுவும் ஒரு குப்பைத் தொட்டியின் மேல். அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"சரி. ரெண்டு பேரும் வாங்க. நேர்ல காட்டுங்க," என்றார்.

அப்புறத்தின் முகம் வெளுத்தது. "இப்பவேவா சார்? வெயில் தாழட்டுமே. அப்புறம்..."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மேஸ்திரிக்குப் பாதி உயிர் திரும்பியது.

பாலத்தின் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கரையிலிருந்து சரிவில் இறங்கி, புதரைத் தாண்டி, ஆற்றோரம் போய் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஊரில் யாரும் அங்கே இறங்குவதில்லை. நாலுபேரும் சரிவின் விளிம்புக்கு வந்தார்கள். மகள்தான் முதலில் கவனித்தாள்.

"அப்பா, புதரைப் பாருங்க."

முள்புதர் ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. ஒரு கிளை ஒடியவில்லை. இலைமேல் தூசிகூடக் கலையவில்லை. ஏணியும் தண்ணீர் பைப்பும் போன இடம் இப்படியா இருக்கும்?

மேஸ்திரி யாரையும் கேட்கவில்லை. புதருக்குள் புகுந்தார். சட்டை கிழிந்தது. காலில் முள் ஏறியது. "பாத்துப்பா, பாத்துப்பா" என்று மகள் பின்னாலேயே வந்தாள். சேற்றில் கணுக்கால் வரை இறங்கி, திரும்பி நிமிர்ந்து பார்த்தார்.

வட்டம் வட்டமாக. சாம்பல், மஞ்சள், கறுப்பு. மேலே தட்டு அகலத்தில் பழையவை. நடுவில் ஒரு கோடு, யாரோ கயிறு பிடித்து இழுத்த மாதிரி. அதற்குக் கீழே பொத்தான் பொத்தானாகச் சின்னவை. ஒன்றுகூடக் குறையவில்லை. எந்தப் பிரஷ்ஷும் படவில்லை. தன் வாழ்நாளில் அவர் இவ்வளவு அழகான அழுக்கைப் பார்த்ததில்லை.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பாளே, அப்படி.

மேலே புதருக்கு அப்பால் அப்புறம் நழுவப் பார்த்தான். மைக்செட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்கடா ஓடற? உனக்காகப் பொய் சொல்லி என் மானம் போச்சு!"

"சார், வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க சார்," என்று அங்கிருந்தே கத்தினான் அப்புறம். "இன்னிக்கே தேய்ச்சுடறேன்!"

"கையை வச்சேன்னா வெட்டிடுவேன்!" என்று கீழேயிருந்து மேஸ்திரி போட்ட சத்தத்தில் ஆற்றில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன.

பேராசிரியை வெயில் தாழ்கிற நேரத்துக்கு வந்தார். ஒல்லியான உருவம், நரைத்த முடி, அகலமான தொப்பி. காரிலிருந்து இறங்கி ரோட்டுப் பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மகள் பேச வாயெடுக்குமுன் மேஸ்திரி முன்னால் வந்தார்.

"இது இவ தப்பு இல்லீங்க. நான் இவளோட அப்பா. துப்புரவு மேஸ்திரி. நீங்க வர்றீங்கன்னு நான்தான் கழுவச் சொன்னேன். இது இன்னதுன்னு தெரியாது. இவ சொன்னா, நான்தான் காதுல வாங்கல."

பேராசிரியை அவரை ஒரு தடவை பார்த்தார். கிழிந்த சட்டை, சேறு காய்ந்த கால், முள் கிழித்த கை.

"எப்போ கழுவினீங்க?"

"திங்களும் செவ்வாயும்."

"ஆசிட் போட்டீங்களா?"

"கேட்டிருந்தேன். ஸ்டோர்ல இருப்பு இல்லன்னுட்டாங்க."

"நல்ல நகராட்சி," என்றார் பேராசிரியை. "சரி, அந்தப் பக்கம்?"

மேஸ்திரி போனை எடுத்தார். இதை முதலில் முடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"சார், மேஸ்திரி பேசறேன். நேத்து ரெண்டு பக்கமும் முடிஞ்சதுன்னு சொன்னேனே, அது தப்பு. நான் பாக்காமச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் எங்க ஆளுங்க தொடவே இல்ல." எதிர்முனையில் ஆணையர் என்னமோ சொன்னார். மேஸ்திரி காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "ஆமா சார். தப்புதான் சார். ஆனா இனிமேயும் தொட மாட்டோம் சார். அதை நேர்ல வந்து சொல்றேன்."

புதரை வெட்ட வேண்டாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டதால், சைக்கிளில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்க்க, அவரும் முள்ளுக்குள் புகுந்துதான் இறங்கினார். கீழே போனதும் தொப்பியைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கல்லோடு கல்லாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். மகள் பக்கத்தில் நின்று அளவுகோலை நீட்டினாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டது மேஸ்திரிக்குப் பாதி புரியவில்லை. ஆனால் மகள் விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிச் சொல்கிற விதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை மார்க்கெட் சாக்கடையெல்லாம் நினைவுக்கு வரவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"தண்ணி மோதற பக்கத்தைக் கழுவிட்டது நஷ்டம்தான்," என்றார் பேராசிரியை மேலே வந்ததும். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோடு இந்தப் பக்கமும் தெளிவா இருக்கு. இது போதும். இங்கேயே வேலை செய்யலாம்."

மகள் சட்டென்று முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு," என்று பேராசிரியை மேஸ்திரியிடம் தொடர்ந்தார். "கழுவின பக்கத்தை நான் சும்மா விடப் போறதில்ல. கல்லு வெறுமையான நாள் தெரிஞ்சுபோச்சு. இதுல முதல்ல எது முளைக்குது, எப்போ முளைக்குதுன்னு பாக்கலாம். அதுக்கு ரொம்ப வருஷம் ஆகும். என் காலத்துல பாதிதான் தெரியும், மீதியை உங்க பொண்ணு பாப்பா. ஆனா அதுவரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடக் கூடாது. போஸ்டர் ஒட்டக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, முக்கியமா யாரும் கழுவக் கூடாது. பாத்துக்க முடியுமா?"

"நான் பாத்துக்கறேன்," என்று சொல்ல வந்த மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆள் போடறேங்க," என்றார்.

ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, தன் தலைவிதி என்னவாகுமோ என்று அப்புறம் நின்றுகொண்டிருந்தான்.

"இங்க வாடா. நாளையில இருந்து தினமும் இங்க ஒரு நடை வரணும். யாரும் கல்லைத் தொடாம பாத்துக்கணும். நீயும் தொடக் கூடாது."

"அப்போ... நான் தினமும் வந்து ஒண்ணும் செய்யாம இருக்கணுமா சார்?"

"ஆமா."

"சம்பளத்தோடயா?"

"ஆமாடா."

"அப்புறம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் சட்டென்று திருத்திக்கொண்டான். "இல்ல சார். இதை இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்."

"அவனுக்காகவே செஞ்சு வச்ச வேலை!" என்றாள் மைக்செட். எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பேராசிரியையைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே நின்றிருந்த மனைவி, மகள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கணவரின் சட்டையைப் பார்த்தாள். வெந்நீர் போடப் போனாள். மகள் தன் பையிலிருந்த துணிமணியையெல்லாம் அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். போன விடுமுறையில் அவள் பையைவிட்டு எதையும் எடுத்து வைக்கவில்லை. நாலு நாளில் கிளம்புகிறவளுக்கு அலமாரி எதற்கு?

மேஸ்திரி கால் கழுவப் பின்பக்கம் போனார். சுவரைப் பார்த்தார். பச்சைப் பசேலென்று இருந்தது. எத்தனை நாளாக இங்கே இருக்கிறது! இதைப் போய் இத்தனை நாள் அழுக்கு என்று நினைத்தோமே என்று நின்று ரசித்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"இந்தா, இங்க பாரு. இந்தச் சுவரை இனிமே யாரும் தொடக் கூடாது."

மனைவி வாளியோடு வந்து நின்றாள். "ஏனாம்?"

"ஆராய்ச்சி. உனக்குச் சொன்னாப் புரியாது. ஒவ்வொண்ணும் உயிரு. வருஷத்துக்கு நூல் கனம்கூட வளராது. உன் பொண்ணைக் கேளு."

மகள் கையில் ஒரு சட்டையை மடித்தபடி எட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவையும் பார்த்தாள்.

"அது வெறும் பாசிப்பா," என்றாள். "ஒரு மழைக்கு முளைக்கும். தாராளமாத் தேய்க்கலாம்."

மனைவி வாளியைக் கீழே வைத்து, பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு ஞாயிறு இல்லியே," என்றார் மேஸ்திரி.

"பரவாயில்ல. ஆசிட் இருப்பு இருக்கு."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே இருந்து கீழே, ஓரம் விடாமல் தேய்க்கத் தொடங்கினார். உள்ளே அலமாரிக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருக்கட்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.